மரபணு மாற்றுப் பயிரை ஆய்வகத்திலிருந்து வயலுக்குக் கொண்டுபோவது எப்படி?

முதல் கேள்வி: உங்கள் செடியில் வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ இருக்கிறதா? மரபணுத் திருத்தம் மட்டும்தான், அன்னிய டிஎன்ஏ எதுவும் மிச்சமில்லை என்றால் 2022 மார்ச்சில் மத்திய அரசு கொடுத்த விலக்கு உங்களுக்குப் பொருந்தலாம், வழி ரொம்பவே சுருங்கிவிடும். 2025 மே மாதம் அறிவித்த கமலா நெல் அப்படி வந்ததுதான். அன்னிய டிஎன்ஏ இருக்கிறது என்றால் மரபணு மாற்று உயிரினங்களுக்கான 1989 விதிகள்தான், தொடர்ந்து படியுங்கள்.

ஜீனும் அதை இயக்கும் புரமோட்டரும் யாருடைய காப்புரிமையில் இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். ஒப்பந்தத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற ஒரு வரி இருந்தால் விதை விற்கும்போது தலைவலி.

அப்புறம் ஈவென்ட் தேர்வு, அதாவது ஜீன் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நுழைந்த ஒரு செடியையும் அதன் வாரிசுகளையும் தேர்ந்தெடுப்பது. ஜீன் ஒரே இடத்தில், ஒரே பிரதியாக உட்கார்ந்த செடியாகப் பார்த்து எடுங்கள், ஏனென்றால் பாதுகாப்புத் தரவு முழுவதும் அந்த ஒன்றின் பெயரில்தான் சேரும், நடுவில் மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உள்ளூர் ரகத்தோடு பின்கலப்பையும் (ஜீன் ஏறிய செடியை அந்த ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பது) கையோடு தொடங்கிவிடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பி.டி. ஜீனை (புழுவைக் கொல்லும் புரதத்தைத் தரும் பாக்டீரியா ஜீன்) கோ 2, எம்டியூ 1 போன்ற கத்தரி ரகங்களில் ஏற்றியது சும்மா இல்லை. சந்தையில் விலைபோகாத காயில் எந்த ஜீன் இருந்து என்ன?

அனுமதிக்கு மூன்று படி: நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் மரபணு மாற்ற ஆய்வுக் குழு (ஆர்சிஜிஎம்), சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு (ஜிஇஏசி). களச் சோதனை முதல் கட்டத்தில் ஓர் இடத்துக்கு ஒரு ஏக்கருக்குள், இரண்டாம் கட்டத்தில் ஒரு ஹெக்டேருக்குள். எலிகளுக்கு 90 நாள் உணவுச் சோதனை, ஒவ்வாமை, மகரந்தம் பரவும் தூரம் எல்லாம் கேட்பார்கள். இதையெல்லாம் முடித்தாலும் மாநில அரசின் தடையில்லாச் சான்று வராவிட்டால் ஒரு விதைகூட ஊன்ற முடியாது, பருவம் போனால் ஒரு வருடமே போச்சு. அதனால் மாநில வேளாண் துறையிடம் டெல்லிக்கு எழுதும்போதே பேசத் தொடங்குங்கள்.

ஜிஇஏசி சரி என்றாலும் முடிந்துவிடாது. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் பச்சைக்கொடி காட்டினார்கள்; ஊர் ஊராகக் கருத்துக் கேட்ட அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். பங்களாதேஷிலோ 2014இல் 20 விவசாயிகள் பி.டி. கத்தரியை நட்டார்கள். 2022இல் அனுமதி பெற்ற டிஎம்எச்-11 என்ற மரபணு மாற்றுக் கடுகு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூலத் தரவை நாளைக்கே பொதுவில் வைக்கும்படி ஒழுங்காக வைத்திருங்கள், சுருக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியாக விதைப் பை. 2002இல் பி.டி. பருத்தி வந்தபோது சுற்றிலும் ஐந்து வரிசை அல்லது 20 சதவீதப் பரப்பில் சாதாரணப் பருத்தி போடச் சொன்னார்கள், புழுவுக்கு எதிர்ப்புத்திறன் வராமல் இருக்க. அந்த விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தால் யார் விதைப்பார்கள்? பெரும்பாலானவர்கள் விதைக்கவில்லை, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் தப்பிப் பழகிவிட்டது. ஒரே பையில் கலந்து தரும் முறை பிறகுதான் வந்தது. உங்கள் பயிருக்கு அது ஒத்துவருமா என்பதை இரண்டாம் கட்டக் களச் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள்.