குவார்ட்டர்பேக் ஒருவரின் ஏற்ற இறக்கங்களைக் குறிப்பேட்டில் பதிவது எப்படி

பாம்பன் கரை மணலில் மாலைதோறும் என்னிடம் கால்பந்து பழகும் மாணவர்கள் இப்போது கைபேசியில் அமெரிக்கக் கால்பந்தையும் விரும்பிப் பார்க்கிறார்கள். ஓர் ஆட்டத்தில், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் இரண்டு வீச்சுகள் எதிரணியின் கைக்குப் போய்விட்டால், "இவர் கதை முடிந்தது" என்று அன்றிரவே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. கணுக்கால் வீக்கத்தை மறைத்துக்கொண்டு ஓடிய மாணவன் ஒருவனை, மாவட்டப் போட்டிக்கான எங்கள் அணியைத் தெரிவு செய்த நாளில், அன்றைய ஓட்டத்தை மட்டும் பார்த்து இனி வரவேண்டாம் என்று அனுப்பியவன் நான். உண்மை எனக்குத் தெரியவந்தபோது அவன் விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். அதற்குப் பிறகுதான் விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுதிப் படிக்கத் தொடங்கினேன். அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் அணியில் குவார்ட்டர்பேக் வகிக்கும் இடத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 11 பேர் கொண்ட அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கே வருகிறது. யாருக்கு வீசுவது, யாரிடம் கொடுப்பது என்பதை அவர் சில நொடிகளில் முடிவு செய்கிறார். மீன்பாடு குறைந்தால் சுக்கான் பிடித்தவரிடமே முதல் கேள்வி கேட்கப்படுவதைப் போல, அணியின் வெற்றிக்கான புகழும் தோல்விக்கான பழியும் அவர் தலையில்தான் முதலில் விழுகின்றன.

கோடு போட்ட குறிப்பேட்டில் ஒரு வீரருக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் ஆண்டு, அணி, வயது, தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்கள், டச்டவுன் வீச்சுகள் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத்தந்தவை), எதிரணியிடம் பறிகொடுத்த வீச்சுகள் ஆகியவற்றை எழுதுங்கள். வலப்பக்கத்தில் காயம், உடன் ஆடியவர்கள், அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர், பின் வந்தவர் ஆகிய விவரங்கள் இடம்பெற வேண்டும். என் அனுபவத்தில் வலப்பக்கம் நிரம்பும் வரை இடப்பக்கத்து எண்களை நம்பக் கூடாது.

முதல் பயிற்சிக்கு குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். இம்முறையைக் கற்க அவரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை. கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வில், 1994இல் எந்த அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைத்து, பருவம் தொடங்குமுன் விடுவித்தது. அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையின் அலமாரிகளில் பொருள் அடுக்கினார். பின்னர் உள்ளரங்கக் கால்பந்தும், 1998இல் ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பிய லீக்கும் ஆடினார். 1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் முழங்காலில் காயமடைந்ததால்தான் வார்னருக்கு இடம் கிடைத்தது. அப்பருவத்தில் 28 வயதில் 41 டச்டவுன் வீச்சுகள், வீச்சுகளால் 4,353 கெஜம், லீக்கின் மிகமதிப்புமிக்க வீரர் விருது, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி என அனைத்தும் அவருக்கு வந்தன. பந்தோடு ஓடுவதில் சிறந்த மார்ஷல் ஃபால்க் அதே ஆண்டில்தான் அந்த அணிக்கு வந்தார் என்பதை வலப்பக்கத்தில் எழுத மறக்கக் கூடாது.

இனி 2002ஆம் ஆண்டின் வரிக்கு வாருங்கள். வார்னர் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்று டச்டவுன் வீச்சுகளுக்கு எதிராகப் பறிகொடுத்தவை 11. இடப்பக்கத்தை மட்டும் படிப்பவர் அவர் தீர்ந்துவிட்டார் என்றே எழுதுவார். வலப்பக்கத்திலோ, வீசும் கையில் விரல் முறிந்தது என்ற குறிப்பு இருக்கிறது. 2004இல் அவர் மாறிச் சென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி ஐந்து வெற்றி, நான்கு தோல்வி என்ற நிலையில் இருந்தபோது, இளைஞரான ஈலை மேனிங்கிற்காக அவரை உட்காரவைத்தார்கள். முதல் இறக்கத்தின் காரணம் உடல். இரண்டாவதன் காரணம் அணியின் எதிர்காலக் கணக்கு. இரண்டையும் "இறக்கம்" என்ற ஒரே சொல்லால் எழுதினால் குறிப்பேடு பயனற்றுப்போகும் என்பதால், காரணத்துக்கு ஏற்ப வேறு வேறு நிற மையைப் பயன்படுத்துங்கள். அரிசோனா கார்டினல்ஸ் அணியிலும் ஓர் இளைஞருக்குப் பின்னால் காத்திருந்த வார்னர், 2008 பருவத்தில் 30 டச்டவுன் வீச்சுகளுடன் அந்த அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுசென்றார். 27-23 என்று தோற்றாலும், அந்த வரியை நான் ஏற்றமாகவே குறித்திருக்கிறேன்.

எல்லா இறக்கத்துக்கும் வெளிக்காரணம் தேடுவதும் தவறு. 1998இல் முதல் வீரராகத் தெரிவு செய்யப்பட்ட, ஈலையின் அண்ணன் பெய்டன் மேனிங் அறிமுகப் பருவத்தில் 28 வீச்சுகளைப் பறிகொடுத்தார். இரண்டாவதாகத் தெரிவான ரயன் லீஃப் பறிகொடுத்தவை 15தான். அந்த ஓராண்டை மட்டும் இப்படி ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும். மேனிங் அதே பருவத்தில் 26 டச்டவுன் வீச்சுகளையும் தந்திருந்தார். லீஃபின் கணக்கில் இருந்தவை இரண்டு. அடுத்த ஆண்டில் மேனிங் பறிகொடுத்தவை 15ஆகக் குறைந்தன. மூன்று வெற்றி மட்டுமே பெற்றிருந்த அவருடைய இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 13 வெற்றி பெற்றது. லீஃப் தம் வாழ்நாள் கணக்கை 14 டச்டவுன், 36 பறிகொடுத்த வீச்சுகள் என்று முடித்தார். ஆகவே முதல் பருவத்தின் பிழைகளைப் பென்சிலால் எழுதி, இரண்டாம் பருவம் முடிந்த பிறகே மையால் எழுதுங்கள்.

ஆடாத ஆண்டுகளின் வரியையும் விடாமல் எழுத வேண்டும். குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் 2018 நவம்பர் 18 அன்று கால் எலும்பு முறிந்து, தொற்றும் பரவி, 17 அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2020 அக்டோபர் 11 அன்று மீண்டும் களமிறங்கினார். 2019ஆம் ஆண்டுக்கு எதிரே அவருக்கு எண் எதுவும் இராது. ஆனால் வலப்பக்கத்தில் மிக நீளமாக எழுத வேண்டிய வரி அதுவே. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்றாலும், வலை பின்னுவதும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. வீரரின் அந்தக் காலத்தையும் அப்படியே படிக்க வேண்டும்.

இந்தத் தடைக்காலத்தில் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருவதால், பயிற்சியாளர்கள் இப்பணியைத் தொடங்க அதுவே உகந்த நேரம். வார்னரின் இரண்டு பக்கங்களை மாணவர்களோடு அமர்ந்து நிரப்பியபின், உங்கள் அணியில் ஒவ்வொருவருக்கும் அதேபோல இரண்டு பக்கங்களைத் திறந்துவையுங்கள். வலப்பக்கத்தின் முதல் வரியை எழுதுமுன், காலில் வலி இருக்கிறதா, இரவு தூங்கினாயா, வீட்டில் யாரேனும் கடலுக்குப் போயிருக்கிறார்களா என்று அந்தப் பிள்ளையிடமே தனியாகக் கேளுங்கள்.