சிறப்புக் குழந்தைகளுக்குள் சீண்டலும் அடியும்: பள்ளியில் என்ன செய்வது?

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத்துடிப்பு) உள்ள இரண்டு பிள்ளைகளுக்குள் தகராறு வந்தால் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். "ரெண்டு பேருமே அப்படித்தான், விடுங்க" என்று தள்ளிவிடுகிறார்கள். இல்லையென்றால் கண்ணில் பட்ட அடிக்காக ஒருவனை மட்டும் வெளியே நிறுத்துகிறார்கள். இரண்டுமே அடிபடும் பிள்ளையைக் கைவிடுவதுதான். வேலூர் வட்டாரத்தில் இந்தப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கும் ஆசிரியர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள், வேன் ஆயாக்கள், பெற்றோர் ஆகியோருக்கான வழிமுறை இது.

எது கொடுமை, எது திணறல்

சத்தம், கூட்டம், வெக்கை தாங்காமல் பிள்ளை வெடிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் அடி விழும். அடங்கியதும் அவனே களைத்துப்போவான். கொடுமை வேறு மாதிரி. அதே பிள்ளை மீதே திரும்பத் திரும்ப நடக்கும், டீச்சர் பார்க்கிறாரா என்று ஒரு பார்வை இருக்கும், ஒருவன் கை எப்போதும் ஓங்கியிருக்கும். அந்த ஓங்கிய கை உடல் பலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேச வரும் பிள்ளைக்குப் பேச வராத பிள்ளை மீது பெரிய பலம் உண்டு: "அவன்தான் அடிச்சான் மிஸ்" என்று முதலில் சொல்ல அவனால் முடியும்.

அதிகம் கவனிக்க வேண்டியது தூண்டிவிடுதல். ஒரு மாணவனுக்கு பலூன் தேய்க்கும் சத்தம் ஆகாது என்று இன்னொருவனுக்குத் தெரியும். டீச்சர் போர்டு பக்கம் திரும்பியதும் தேய்ப்பான். முதலாமவன் எழுந்து ஓங்கி அறைவான். டீச்சர் திரும்பும்போது தெரிவது அறை மட்டுமே. இப்படி நாலு முறை நடந்தால் பாதிக்கப்பட்டவன்தான் 'அடிக்கிற பையன்' என்று பெயர் எடுப்பான். இதே வகையில் இன்னொன்றும் உண்டு: "அவளைக் கிள்ளினா உன்னை விளையாட்டுல சேர்த்துக்குவேன்" என்று அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைக் கருவியாக்குவது. ஆகவே அடிக்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் யாரையும் தண்டிக்காதீர்கள்.

இரண்டு வாரக் குறிப்பு

ஒரு நோட்டில் ஆறு கட்டம் போதும்: நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், முன்னால் நடந்தது, நடந்தது, அதன்பின் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. 'சேட்டை பண்ணினான்' என்று எழுதினால் பயனில்லை. 'சத்துணவு வரிசையில் பின்னாலிருந்து சட்டைக் காலரை இழுத்தான், இவன் தட்டைப் போட்டான்' என்று எழுதுங்கள். பத்துப் பள்ளி நாட்களில் பெரும்பாலும் ஒரே இடமோ நேரமோ தலைகாட்டும்: கழிவறை, ஊஞ்சல், சாப்பாட்டு வரிசை, நெருக்கியடித்து உட்காரும் வேன். வேனில் நடக்கிறதென்றால் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை மாற்றினாலே பாதி குறையும். இருவருக்கும் நடுவே ஆயா உட்காரட்டும்.

வீட்டுச் செய்தியும் அந்த நோட்டில் வேண்டும். தூக்கம் கெட்டது, பல்வலி, மலச்சிக்கல், மயானக் கொள்ளைத் திருவிழாவில் பம்பை மேளச் சத்தத்தில் இரவெல்லாம் அரண்டது எல்லாமே மறுநாள் வகுப்பில் தெரியும். வலிப்பு மருந்தை, குறிப்பாக லெவெடிரசெட்டாமை, புதிதாகத் தொடங்கியிருந்தால் எரிச்சல் கூடலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

நடக்கும் அந்த நேரத்தில்

நடுவில் போய் நில்லுங்கள். குரலைத் தாழ்த்துங்கள், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்: "நிறுத்து. இங்கே வா." அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். உடனே விசாரணை வேண்டாம். மூச்சு சீராகி, தண்ணீர் குடித்து, இருபது முப்பது நிமிடம் போகட்டும். "சாரி சொல்லு, கை குடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தொட்டாலே துடிக்கும் பிள்ளைக்கு அடித்தவனின் கையைப் பிடிப்பது இன்னொரு அடி. மாறாக, கொட்டிய சாப்பாட்டைத் துடைப்பது, பிடுங்கிய பென்சிலைத் திருப்பித் தருவது என நடந்ததோடு ஒட்டிய வேலையை அடித்தவனிடம் கொடுங்கள். வெளியே நிறுத்துவதும் வீட்டுக்கு அனுப்புவதும் பாடத்திலிருந்து தப்ப நினைக்கும் பிள்ளைக்குப் பரிசாகவே முடியும், மறுநாளும் அடிப்பான்.

கேட்கும் முறை

இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். "அவன் அடிச்சானா?" என்றால் பல பிள்ளைகள் எதற்கும் ஆமாம் போடுவார்கள். பள்ளியின் இடங்களை, ஆட்களைப் போட்டோவாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கேள்வி கேட்டு, பத்து நொடி சும்மா இருங்கள். "வேன்லயா, கிளாஸ்லயா?" என்று கேட்டதை, கொஞ்சம் கழித்து வரிசை மாற்றி "கிளாஸ்லயா, வேன்லயா?" என்று கேளுங்கள், இரண்டு முறையும் கடைசிச் சொல்லையே திருப்பிச் சொன்னால் அது பதில் இல்லை. பேச்சே இல்லாத பிள்ளையிடம் அறிகுறிதான் சாட்சி: தொடாத டிபன் பாக்ஸ், வீடு வரும்வரை அடக்கிவைத்த சிறுநீர், காலையில் வேன் ஹாரன் கேட்டதும் அழுகை, தன் கையைத் தானே கடிப்பது.

இருவருக்கும் கற்றுக்கொடுப்பது

"திருப்பி அடி" என்று வீட்டில் சொல்லாதீர்கள். அகப்படுவது உங்கள் பிள்ளைதான். சீண்டப்படும் பிள்ளை உள்ளங்கையை முன்னே நீட்டி "வேணாம்" என்று சொல்லிவிட்டு, பெயர் தெரிந்த ஒரு பெரியவரிடம் போக வேண்டும். பேச்சு வராவிட்டால் கழுத்து அட்டையில் 'நிறுத்து' படம். அமைதியான நேரத்தில் தினம் ஐந்து நிமிடம், பெரியவர் ஒருவர் சீண்டுபவராக நடித்துப் பழக்குங்கள். அந்த அட்டையைக் காட்டியும் யாரும் வரவில்லை என்றால் பிள்ளை மறுபடி அதைத் தொடமாட்டான்.

சீண்டும் பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று நோட்டு சொல்லும். கவனம் என்றால் அடிக்காமல் இருக்கும்போதே கவனம் கொடுங்கள், நோட்டு விநியோகிக்கும் வேலை மாதிரி. பொருள் வேண்டுமென்றால் 'குடு' அட்டை. தப்பித்தல் என்றால் 'இடைவேளை' அட்டை. அவனை யாராவது அடிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பள்ளி அசையாவிட்டால்

தலைமையாசிரியருக்குத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு, கல்வித்துறை உதவி எண் 14417, சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அங்கேயே திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். ஆசிரியரே அடித்தாலோ "மெண்டல்" என்று அவமானப்படுத்தினாலோ கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அதைத் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பாகுபாடில்லாமல் சேர்த்துப் படிக்கவைப்பதைப் பள்ளியின் கடமையாக வைக்கிறது.

அந்தரங்க உறுப்பைத் தொட்டதாகத் தெரிந்தால் பேசி முடிக்கும் விஷயம் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே அழையுங்கள். நடத்தைச் சிக்கல் குறையாவிட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்திலோ காட்டலாம். போகும்போது அந்த ஆறு கட்ட நோட்டைக் கொண்டுபோங்கள்.