சனிக்கிழமைக் கிரேக்கம்: பள்ளி வேலையோடு இறையியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்த இரண்டாம் வாரம், எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் தம்பி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "அக்கா, இறையியல்ல எம்.டிவ். சேர்ந்துட்டேன். டைம்டேபிள் போட்டிருக்கேன், சரியா இருக்கான்னு பாருங்க." அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி, டியூஷன், நோட்டுத் திருத்தம். ஞாயிறு முழுக்க ஆராதனை, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம். சனிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரே சொல்: கிரேக்கம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கட்டத்தைத்தான் போட்டேன். இவருக்கு முன்பே மூன்று பேர் இப்படி ஒரு தாளோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். மூவருக்கும் வாயால் சொன்னேன், மூவரும் தலையாட்டிவிட்டுப் போய் அதையே செய்தார்கள். அதனால் இந்த முறை எழுதியே வைக்கிறேன்.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வேலையை விடாமல், திருச்சியில் வார இறுதி வகுப்புக்குப் போய் இறையியலில் முதுநிலை முடித்தேன். நேரத்தோடு தூங்குங்கள், கட்டணத்தைத் தவணைக்குள் கட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகளுக்குத் தினமும் அதைச் சொல்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பட்டம் எதற்கு என்று கேட்காமல் சேர்வது

போதகராகக் குருப்பட்டம் பெற விருப்பமா, அல்லது வேதத்தை ஆழமாகப் படித்துவிட்டு ஆசிரியராகவே இருக்கப் போகிறீர்களா? இரண்டுக்கும் பாதை வேறு. சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற பழைய திருச்சபைகள் பொதுவாகக் கேட்பது, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டத்தை. வங்காளத்தில், அன்று டென்மார்க் வசமிருந்த செராம்பூரில் 1818-இல் தொடங்கிய கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் கொடுத்தவர் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக். அன்று நம் தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்ததும் அவருடைய கொடிதான். 1845-இல் இரண்டு ஊர்களும் ஒன்றாகவே ஆங்கிலேயர் கைக்கு விற்கப்பட்டன.

வேறு அமைப்புகளின் அங்கீகாரத்தோடு எம்.டிவ். தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. நல்ல ஆசிரியர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் நாலு வருடம் படித்து முடித்த பிறகு, "இந்தப் பட்டத்தை நம் சபையில் எடுத்துக்கொள்ள மாட்டார்களே" என்று போதகர் சொல்ல, ஒரு மூத்த ஆசிரியர் பதில் இல்லாமல் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே உங்கள் சபையின் தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்.

பள்ளிப் பக்கமும் ஒன்று. இறையியல் பட்டம் பி.எட்.டுக்கோ டெட் தேர்வுக்கோ ஈடாகாது. பி.எட். இன்னும் முடிக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். 2015 முதல் அது 2 வருடப் படிப்பு. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அதையும் இதையும் ஒரே நேரத்தில் இழுக்க முடியாது.

மொழியைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கி வைப்பது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வார இறுதி வகுப்பில் சேர்ந்தால் கிரேக்க வகுப்பு சனிக்கிழமைதான் வரும். ஆகவே கிரேக்கப் படிப்பும் சனிக்கிழமைதான் என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. நானும் போட்டேன். விடியற்காலை மயிலாடுதுறையில் ரயில் ஏறினால் ஆடுதுறை தாண்டும்வரை தூக்கம். கும்பகோணத்தில் கூட்டம் ஏறும், விழிப்பு வரும், போன வாரக் குறிப்பேட்டைத் திறப்பேன். பாபநாசம், தஞ்சாவூர், பூதலூர் என்று போய்ப் பொன்மலை வருவதற்குள் பாதிப் பாடம் ஞாபகத்துக்கு வரும். வகுப்பில் மீதி. அன்று மாலை திரும்பும்போது எல்லாம் தெளிவாக இருப்பது போலிருக்கும். புதன்கிழமை நினைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் நிகழ்காலத்தை முடித்து இறந்தகாலத்துக்குப் போயிருப்பார். நான் போன வாரத்து நிகழ்காலத்தையே மீண்டும் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருப்பேன்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். அந்த நாட்களை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். என் முதல் வருடத்தில் நவம்பர், டிசம்பரில் தொடர்ந்து நாலு சனிக்கிழமை எனக்குப் பள்ளி இருந்தது. வாரத்துக்கு ஒரே நாள் கிரேக்கம் என்று வைத்திருந்தவளுக்கு ஒரு மாதம் முழுக்கக் கிரேக்கமே இல்லை. ஜனவரியில் போய் உட்கார்ந்தபோது எழுத்துகளே அந்நியமாக இருந்தன.

அடுத்து நான் செய்ததுதான் இன்றும் நினைத்தால் என்னை எரிச்சலூட்டுகிறது. கிரேக்க வரிக்குக் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் அச்சிட்ட புத்தகம் ஒன்றை வாங்கினேன். இப்போது அதே வேலையைக் கைபேசிச் செயலிகள் செய்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டுரை எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. கண் கீழ் வரியில் ஓடிக்கொண்டிருந்தது. மேல் வரியை அது பார்க்கவே இல்லை. ஆண்டுத் தேர்வில் மேல் வரி மட்டும் இருந்தது. தோற்றுப்போனேன். எங்கள் கல்லூரியில் கிரேக்கம் வருடம் ஒருமுறைதான் தொடங்கும். அது இல்லாமல் புதிய ஏற்பாட்டு விளக்கவுரைத் தாளுக்கு உட்கார முடியாது. அந்தத் தாள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இப்படி ஒன்றின் பின்னால் ஒன்று தள்ளித் தள்ளி, நாலு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு ஆறு வருடம் ஆனது. இரண்டு வருட ரயில் கட்டணம், மறுபதிவுக் கட்டணம், வீட்டில் இல்லாத நூறு சனிக்கிழமை. என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்த காலம் அது.

நான் தமிழ் வாத்தியார் வீட்டுப் பெண், நானும் தமிழ் ஆசிரியை. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் "தினம் ஒரு பக்கம் எழுதிட்டு வா" என்று சொல்கிறவள். எந்தப் பிள்ளைக்காவது "சனிக்கிழமை மட்டும் ஏழு பக்கம் எழுது" என்று சொல்லியிருக்கிறேனா?

தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு எப்படித் தமிழ் படித்தார் என்று நம்மில் பலருக்குத் தெரியும். 1706 ஜூலை 9-ஆம் தேதி அவர் வந்து சேர்ந்தார். வயதான ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு காலை 7 முதல் 8 மணி வரை குறித்துவைத்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது, 8 முதல் 12 வரை ஒரு புலவரையும் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் ஏடுகளைப் படிப்பது என்று நாளையே அதற்காக வகுத்துக்கொண்டார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். 1715-இல் அது தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சாகி வந்தது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஏழு மணி வேளைதான். நம்மால் ஐந்து மணி நேரம் ஒதுக்க முடியாது, உண்மை. இருபது நிமிடம் முடியும்.

இரண்டாம் முறை நான் செய்ததைச் சொல்கிறேன். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல், அதன் பின்பக்கம் ஒரு கிரேக்கச் சொல், அது வரும் ஒரு வசனம், அதன் விகுதி மாற்றம். ஒரு நாளைக்கு ஒரு தாள். காலையில் அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் எழுதுவேன். பஸ்ஸில் நின்றுகொண்டே முந்தைய பத்துத் தாளையும் புரட்டுவேன். பள்ளியில் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளையை நம்பாதீர்கள். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு உங்களைத்தான் அனுப்புவார்கள். மணி அடிப்பதற்கு முந்திய நேரம்தான் உங்களுடையது.

வாய்விட்டுப் படியுங்கள். இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. கிரேக்கத்தில் எ, ஏ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஒ, ஓ இரண்டுக்கும் அப்படியே. நமக்குக் குறில் நெடில் பழக்கம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது. எ, ஏ வடிவ வேறுபாட்டைத் திருத்தியவர் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வீரமாமுனிவர், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த பாதிரியார். யோவான் சுவிசேஷத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: "என் அர்கே ஏன் ஹொ லொகொஸ்." ஆதியிலே வார்த்தை இருந்தது. இதில் "என்" என்றால் நம் "இல்" உருபு. "ஏன்" என்றால் "இருந்தது". மாத்திரை மாறினால் பொருள் மாறுகிறது. ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுதிப் படித்தபோது இரண்டையும் நான் ஒன்றாகவே வாசித்தேன், தேர்வில் அங்கேதான் விழுந்தேன். தமிழ் எழுத்தில் எழுதிய அன்று அது ஒட்டிக்கொண்டது.

வினையும் அப்படித்தான். பல கிரேக்கப் பாடநூல்களில் முதலில் வரும் வினை "லூஓ", அவிழ்க்கிறேன். லூஓ, லூஎய்ஸ், லூஎய்: அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். நான், நீ என்று தனியாகச் சொல்லாமல் விகுதியிலேயே ஆள் தெரிகிறது. "வந்தேன்" என்று சொல்லும் நமக்கு இது புதிதா? யோவான் ஸ்நானகன் செருப்பு வாரை அவிழ்க்கத் தனக்குத் தகுதியில்லை என்கிற இடத்தில் வருவதும் இதே வினைதான். ஒரு தாளில் இந்த வினையையும் அந்த வசனத்தையும் சேர்த்து எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என் வேதாகமத்தில் இருக்கிறது.

எபிரெயத்துக்கும் இதே வழி. வலமிருந்து இடமாக எழுதுவது ஒரு வாரத்தில் பழகிவிடும். மூன்று மெய்யெழுத்து வேர்கள் பழகத்தான் நாள் ஆகும்.

அந்தத் தம்பியிடம் சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்த சொல்லை அடிக்கச் சொன்னேன். ஏழு கட்டத்திலும் மேலே ஓரமாக "20 நி." என்று எழுதிக்கொடுத்தேன். கட்டம் அசிங்கமாகிவிட்டதே என்று பார்த்தார். பரவாயில்லை.

வகுப்பறையில் பிரசங்கம் செய்வது

பழைய ஏற்பாட்டில் அன்பு, இரக்கம், உடன்படிக்கை என்று படித்துக்கொண்டிருந்த பருவம். எட்டாம் வகுப்பில் அன்பைப் பற்றி ஒரு செய்யுள். எபிரெயத்தில் "ஹெஸெத்" என்றொரு சொல் இருக்கிறது என்று ஆரம்பித்தவள் பாடவேளை முழுக்கப் பேசிவிட்டேன். மறுநாள் காலை ஒரு மாணவியின் அப்பா வாசலில் நின்றார். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "டீச்சர், பாப்பா நேத்து வந்து புதுசா ஏதோ வார்த்தை சொல்லுச்சு. நீங்க தமிழ்தானே எடுக்குறீங்க?" கோபமே இல்லாமல் கேட்டார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள். சட்டமும் தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. திருச்சபை நடத்தும் பள்ளிக்கும் இது பொருந்தும். படிக்கிற இறையியல் உங்கள் பொறுமையில் தெரியட்டும். சரியாகத் திருத்திக் கொடுத்த நோட்டில் தெரியட்டும்.

கட்டுரையைப் பிரசங்கமாக வாசிப்பது

வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்கு நெல்மூட்டையோடு வந்திருப்பவருக்கு நாலு அறிஞர்களின் கருத்து வேறுபாடு தேவையில்லை.

அனுமதியை வாயால் வாங்குவது

இந்தப் படிப்புக்குப் பள்ளி நிர்வாகம் தரும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். படிப்பு முடிந்ததும் பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தாளாளர் மாறுவார், தலைமையாசிரியர் ஓய்வு பெறுவார், வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இருக்காது.

டிசம்பரை மறப்பது

அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் கட்டு, ஞாயிறு பள்ளி நாடகம், ராத்திரி கீதப் பவனி, நடுவில் மழை. இதே மாதத்தில் கல்லூரிக்கு இரண்டு கட்டுரை. மார்ச், ஏப்ரலிலும் இதே நெருக்கடிதான்: ஒரு பக்கம் பொதுத்தேர்வுப் பணி, மறுபக்கம் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும். ஜூனிலேயே கல்லூரி ஆசிரியரிடம் போய்ப் பள்ளி நாட்காட்டியைக் காட்டுங்கள். என் கட்டுரைகளை நவம்பர் கடைசிக்குள் வாங்கிக்கொள்ள முடியுமா என்று நான் இரண்டாம் வருடம்தான் கேட்டேன். "இதை முதல்லயே கேட்டிருக்கலாமேம்மா" என்று சொல்லி, தலைப்புகளை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்.