பால் பல் வரிசை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் பல் வரிசை கோணலாக இருக்கிறதே என்று திருநெல்வேலிப் பக்கத்தில் யாராவது கவலைப்பட்டால், "பால் பல்லுதான, விழுந்து வேற முளைக்கும்லா" என்று வீட்டு ஆச்சி பேச்சை முடித்துவிடுவார். விழும் என்பது உண்மைதான். ஆனால் 20 பால் பற்களும் ஒன்றாக விழுவதில்லை. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்கினாலும், கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை நின்று, அடியிலிருந்து வரவேண்டிய நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே, சொத்தையான கடைவாய்ப் பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டு அந்த இடத்தை அப்படியே விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது (இதையும் பால் பல் என்றெண்ணிச் சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் உண்டு). முன்னால் இடம் காலியாக இருந்தால், அது முன்பக்கமாகச் சாய்ந்து வந்து, பின்னர் முளைக்க வேண்டிய பல்லின் வழியை மறித்துவிடுகிறது. சொத்தையை அடைத்துப் பல்லைக் காப்பாற்ற முடியாதபோது, அந்த இடத்தைக் காக்கும் கம்பி வளையம் பொருத்த வேண்டுமா என்று பல் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

இரவில் புட்டிப் பாலோடு தூங்க வைப்பதும் இதே வழியில்தான் கொண்டுபோய் விடுகிறது. சீனிக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி சேர்த்தால் கெடுதல் இல்லை என்பார்கள். பல்லை அரிக்கும் கிருமிக்கு இரண்டும் இனிப்புத்தான்.

விரல் சூப்பும் குழந்தைக்குப் பின்பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சேராமல் இடைவெளி விழலாம். 3, 4 வயதுக்குள் பழக்கம் நின்றால் அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பதால், விரலில் வேப்பெண்ணெய் தடவி, நாலு பேர் முன்னால் ஏசி, பிள்ளையை அழவைப்பது தேவையற்றது.

"ஈ" என்று பல்லைக் காட்டச் சொல்லி வரிசையைப் பார்ப்பதும் தவறு. அப்போது குழந்தை தாடையை முன்னால் தள்ளிக்கொள்ளும். எச்சிலை விழுங்கச் சொல்லி, பின்பற்களைச் சேர்த்துக் கடித்த நிலையில் உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தால், மேல் வரிசை கீழ் வரிசைக்குச் சற்று வெளியே அமைந்திருக்க வேண்டும். கீழ்ப்பற்கள் வெளியே நின்றாலோ, கடிக்கும்போது மோவாய் ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ, நிரந்தரப் பற்கள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாடை அந்தக் கோணலோடே வளர்ந்துவிடக்கூடும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வேறு எதற்காவது போகும்போது, பல் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிடலாம்.

மாறாக, பால் பற்களுக்கிடையே சந்து இருப்பதைக் கண்டு பதறுகிறவர்கள் பலர். பின்னால் வரும் முன்பற்கள் அகலமானவை என்பதால் அந்தச் சந்து நல்லதே. நெருக்கியடித்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும் வரிசையில்தான் பிற்பாடு இடநெருக்கடி வர வாய்ப்பு அதிகம்.

எப்போதும் வாயைத் திறந்து மூச்சுவிட்டு, தூக்கத்தில் குறட்டையும் விடும் குழந்தைக்குப் பல்லை மட்டும் பார்த்துப் பயனில்லை. மூக்கின் பின்புறச் சதை வளர்ந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.