அற்புதத்தைப் பிரசங்கம் பண்ணப் போகிறீர்களா? ஒன்றே ஒன்றை எடுங்கள்

பாஸ்டர் வெளியூர் போகிறார், ஞாயிறு செய்திக்கு உங்கள் பேரைக் கொடுத்துவிட்டார், கையில் நாலு நாள்தான் இருக்கிறது என்றால், முதலில் செய்ய வேண்டியது குறைப்பது. நான் முதல்முதலாகப் பேசியது பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டுக் கூட்டத்தில். கானா ஊர்க் கல்யாணத்தில் ஆரம்பித்து லாசரு வரைக்கும் ஏழு அற்புதங்களை ஐம்பது நிமிஷத்தில் ஓட்டி முடித்தேன். வெளியே வரும்போது ஒரு அக்காவிடம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நல்லா சத்தமா பேசினீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் அவருக்கு மிஞ்சியது. அதனால் ஒரு செய்திக்கு ஒரு அற்புதம், அதற்கு மேல் வேண்டாம்.

புதிதாகப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது, இயேசு அஞ்சு அப்பத்தையும் ரெண்டு மீனையும் வைத்து ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட பகுதி. உயிர்த்தெழுதலை விட்டுவிட்டால் நாலு சுவிசேஷத்திலும் வருகிற அற்புதம் அது ஒன்றுதான். மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6. நாலையும் ஒரே நாளில் படித்து, எது யாரிடத்தில் மட்டும் இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அப்பம் வைத்திருந்த பையன் யோவானிடத்தில் மட்டும்தான் வருகிறான். புல் பச்சையாக இருந்தது என்பது மாற்கு சொன்னது. ஐயாயிரம் என்பது ஆண்கள் கணக்கு, பெண்களும் பிள்ளைகளும் அதில் சேர்த்தியில்லை என்பதை மத்தேயு சொல்கிறார். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும், விளக்கவுரை புத்தகம் எதுவும் தேவையில்லை, பாதிச் செய்தி இதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, எழுதி வைத்த ஒவ்வொன்றையும் நம்ம ஊருக்கு இழுத்துப் பாருங்கள். அது வாற்கோதுமை அப்பம் என்று யோவான் குறிப்பாகச் சொல்கிறார். அந்த ஊரில் வசதி உள்ளவன் கோதுமை சாப்பிட்டான், வாற்கோதுமை ஏழை வீட்டுச் சாப்பாடு. தர்மபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு இதற்கு விளக்கம் தேட வேண்டியதே இல்லை, கேழ்வரகுக் களி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு எல்லாம் புரிந்துவிடும். மீனுக்கு மற்ற மூவரும் சாதாரணமாக மீன் என்கிற சொல்லையே போட, யோவான் அப்பத்தோடு தொட்டுக்கொள்கிற சின்ன மீனுக்கான கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். சமைத்ததாகவோ உப்புப் போட்டுக் காயவைத்ததாகவோ இருக்கலாம். ஆக நம்ம கணக்கில் அது அஞ்சு உருண்டைக் களியும் ரெண்டு கருவாடும். அப்படியே சொல்லுங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் போதாது என்று சீஷன் பிலிப்பு யோவான் 6-ல் சொன்னதை அப்படியே வாசித்துவிட்டுப் போனால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி, மத்தேயு 20-ல் திராட்சைத்தோட்டத்து ஆட்களுக்குப் பேசின கூலி அதுதான். இருநூறு பணம் என்றால், வருஷத்துக்கு நூறு நாள் கூலி வேலைக்கு ஒரு நாள் விடாமல் போனாலும் ரெண்டு வருஷத்துச் சம்பளம். அந்த ரெண்டு வருஷச் சம்பளத்தை அப்படியே கொட்டினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூட வராது என்கிறார் பிலிப்பு. இந்தக் கணக்கைச் சபையில் மெதுவாகச் சொல்லிவிட்டு ரெண்டு நொடி சும்மா நில்லுங்கள். அற்புதத்துக்கு முன்னால் இருக்கிற இல்லாமையை ஜனங்கள் உணர்ந்தால்தான் அப்புறம் மிஞ்சுகிற பன்னிரண்டு கூடை அப்பத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும், பெரும்பாலான பிரசங்கிகள் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்து ஓடுகிறார்கள்.

மாற்கு, பந்திபந்தியாக உட்காரவைத்தார் என்கிறார். நூறு நூறு பேராக, ஐம்பது ஐம்பது பேராக. கல்யாண வீட்டில் பந்திக்குத் தள்ளுமுள்ளு நடக்கிறதைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் அப்பம் எப்படிப் பெருகியது, யார் கையில் பெருகியது என்று நாலு பேரில் ஒருவரும் எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள். பையனுக்குப் பேர் வைப்பது, அவன் அம்மா காலையில் கட்டிக்கொடுத்தபோது அழுதாள் என்பது, இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. கற்பனை செய்யலாம், தப்பில்லை, ஆனால் "இப்படி இருந்திருக்குமோ என்று நான் நினைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் வேதத்தில் அம்மாவைத் தேடுவார்கள்.

புயலை அடக்கியதையோ தண்ணீர்மேல் நடந்ததையோ எடுத்தால் ஒரு சின்ன விஷயம். கலிலேயாக் கடல் என்று வேதத்தில் இருந்தாலும் அது நன்னீர் ஏரி, நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுற்றிலும் மேட்டுநிலம், அங்கிருந்து காற்று திடீரென்று இறங்கும். கடலே பார்க்காதவர்களிடம் கடல் அலையை வர்ணிப்பதைவிட, கிருஷ்ணகிரி அணையைப் போலப் பல மடங்கு தண்ணீரை நினைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஒகேனக்கல்லில் பரிசல் சுழிப்பில் மாட்டிச் சுற்றும்போது அடிவயிறு என்ன செய்யும் என்று கேட்டாலே போதும்.

இனி குணமாக்குதல். இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும், நான் தப்பு செய்ததும் இங்கேதான். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் யோவான் 5, பெதஸ்தா குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் கிடந்த மனுஷனைப் பற்றிப் பேசினேன். நல்ல வேகத்தில் இருந்தேன், "எழுந்து நட" என்று எல்லாரையும் மூன்று தடவை சத்தமாகச் சொல்லவைத்தேன். வாசல்படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், ரெண்டு முழங்காலும் வளைந்து, இடுப்பு விறைத்து. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை ஏறும், பல வருஷம் குடித்தால் எலும்பையே இறுக்கிவிடும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பெரியவரின் காலத்துக்கு அது வந்து சேரவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கு விசுவாசம் பத்தலியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதே அதிகாரத்தைத் திரும்ப எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது, குளத்தங்கரை மனுஷன் எந்த விசுவாசத்தையும் அறிக்கை செய்யவில்லை. தன்னைக் குணமாக்கினது யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை, 13-ம் வசனத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஐந்து மண்டபத்திலும் வியாதிக்காரர்கள் கிடந்தார்கள், அன்றைக்கு அங்கே எழுந்ததாக எழுதியிருப்பது ஒருவன். மாற்கு 2-ல் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனிடம், அதாவது உடம்பு முடங்கிப்போனவனிடம் போனால், இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை". அதாவது தூக்கி வந்த நாலு பேருடையதையும் சேர்த்து. ஆக, குணமாகாதவனிடம் உனக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல இந்த ரெண்டு பகுதியிலும் இடமே இல்லை.

இப்போது யோவான் 5-ஐ எடுத்தால் "என்னைக் குளத்தில் கொண்டுபோய்விட ஒருவருமில்லை" என்று அவன் சொன்ன இடத்தில்தான் நிற்கிறேன், முக்கால்வாசிச் செய்தி அதிலேயே போய்விடும். நம்ம தெருவில் அப்படி யார் கிடக்கிறார்கள், அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டு அங்கேயே பேர் எழுதி வாங்குகிறோம். அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் அப்படித்தான் ரெண்டு பேர் கிடைத்தார்கள். கால் நிமிரவில்லை, வலிக்கு மாத்திரை கிடைத்தது.

மாத்திரை என்றதும் இன்னொன்று. பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிற்காத பெண்ணைப் பற்றிப் பேசும்போது, அநேக வைத்தியரிடம் கையில் இருந்ததெல்லாம் செலவழித்தாள் என்று மாற்கு எழுதியதைப் பிடித்துக்கொண்டு டாக்டர்களைத் திட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. லூக்காவையே பிரியமான வைத்தியன் என்றுதான் பவுல் கொலோசெயர் 4-ல் சொல்கிறார். சர்க்கரை மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையைத் தூக்கிப்போடு என்று மேடையில் சொல்லவே சொல்லாதீர்கள், உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் சரி. குஷ்டரோகியைக் குணமாக்கிய பிறகு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்று இயேசுவே அனுப்பினார். குணமாயிற்றா என்று பார்த்துச் சொல்வது அந்தக் காலத்தில் ஆசாரியன் வேலை.

வீட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பக்கத்து வீட்டுக்காரர், பொண்ணு கொடுத்த சம்பந்தி என்று சபைக்கே வராதவர்கள் பலர் இருப்பார்கள். பரிசேயன், ஓய்வுநாள், ஜெபஆலயம் என்று அடுக்கினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் சாமியை இழுக்காதீர்கள், நாளைக்கும் அதே தெருவில்தான் இருக்கப்போகிறீர்கள்.

நேரம் இருபத்தைந்து நிமிஷம் போதும். சின்ன அறையில் மைக் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு தடவை கதையாகச் சொல்லிப் பாருங்கள், எந்த இடத்தில் அது செல்போனை எடுக்கிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள். ஓசூர், தளி பக்கம் பேசப் போனால் கையில் தெலுங்கு வேதமும் கன்னட வேதமும் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், அதிகாரத்தையும் வசன எண்ணையும் ரெண்டு தடவை நிறுத்திச் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் திருப்புகிற சத்தம் அடங்கின பிறகு வாசிக்க ஆரம்பியுங்கள்.