கிரேடு ஏறுமா? ஸ்லாப்பை உடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய காசுகளின் நிலையை மதிப்பிடும் கம்பெனிகள் 1 முதல் 70 வரை ஒரு எண்ணை கிரேடாகக் கொடுத்து, காசை 'ஸ்லாப்' என்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. கூடுதல் கிரேடு வாங்க அதை மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. "இந்தக் காசு 64-ல் இருக்கிறது, 65 கிடைக்குமா?" என்று போட்டோ அனுப்பிக் கேட்பவர்களிடம் முதலில் விலைப்பட்டியலைத் திறக்கச் சொல்வேன். காசைப் பற்றி அப்புறம் பேசலாம். அடுத்த கிரேடுக்கு விலை எவ்வளவு தாவுகிறது என்று தெரியாமல் லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) கையில் எடுப்பது வீண்வேலை.

அமெரிக்காவின் பழைய வெள்ளிக்காசான மார்கன் டாலரையே எடுத்துக்கொள்வோம். 1881-ல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த காசுகள் நல்ல நிலையில் ஏராளமாக இருக்கின்றன. 64-லிருந்து 65-க்கு ஏறினாலும் கட்டணம், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். அதே நாணயச்சாலையின் 1884 காசு வேறு கதை. புழங்கிய நிலையில் சுலபமாகக் கிடைக்கும், புழங்காத நிலையில் காண்பதே அபூர்வம். ஏயு 58-க்கும் (லேசாகப் புழங்கியது) எம்எஸ்ஸுக்கும் (புழங்காதது) நடுவில் விலை மலையேறுகிறது. அந்த இடத்தில் கிரேடு போடுபவர்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். மொத்தச் செலவு ஒரு பங்கு, ஏறினால் விலையில் கூடுவது ஆறு பங்கு. கிரேடு இறங்கவே இறங்காது என்றால் ஆறில் ஒன்று ஜெயித்தாலே போட்ட பணம் வந்துவிடும். ஆனால் ஐந்தில் ஒரு தடவை இறங்கி நான்கு பங்கு நஷ்டமாகும் என்றால், பத்தில் மூன்று ஏறினால்தான் கையைக் கடிக்காது. பத்தில் மூன்று என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

இப்போது காசுக்கு வருவோம். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கின் கீழே ஸ்லாப்பை மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். நல்ல காசில் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம் மாதிரி அறுபடாமல் சுற்றி வரும். மேடான இடத்தில் மட்டும் அது செத்துப் போனால் தேய்மானம் என்று சந்தேகப்படலாம். மார்கனில் அந்த இடம் முன்பக்கப் பெண் முகத்தின் காதுக்கு மேலே உள்ள கூந்தலும் பின்பக்கக் கழுகின் மார்பும். ஒரு எச்சரிக்கை: நியூ ஆர்லியன்ஸில் அடித்த காசுகள் பலவற்றில் அச்சு சரியாக விழாததால் அந்தக் கூந்தல் பிறவியிலேயே மழுங்கியிருக்கும். அங்கே ஒளி உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து கன்னம். மார்கனில் எல்லோர் கண்ணும் முதலில் போவது அங்கேதான். மூட்டையில் காசோடு காசு மோதிய வடு கூந்தலுக்குள் ஒளிந்துகொண்டால் மன்னிப்பு உண்டு, நட்ட நடுக் கன்னத்தில் இருந்தால் கிடையாது. தெரியும் கோடு காசிலா, பிளாஸ்டிக்கிலா என்று குழப்பமாக இருந்தால் பார்க்கும் கோணத்தை மாற்றுங்கள். பிளாஸ்டிக் கீறல் காசின் மேல் இடம் மாறும், காசின் கீறல் இருந்த இடத்திலேயே இருக்கும். இத்தனைக்கும் பிறகு, அதே கிரேடில் உள்ள வேறு காசுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றைவிடத் துலக்கமாகத் தெரியாத காசு ஏறாது. சொந்தக் காசு எல்லோருக்கும் அரை கிரேடு கூடத்தான் தெரியும்!

அனுப்புவது என்று முடிவாகிவிட்டால், பயப்படுபவர்களுக்கு ஏற்ற வழி பிசிஜிஎஸ் என்ற கிரேடிங் கம்பெனியின் ரீகன்சிடரேஷன், அதாவது மறுபரிசீலனை. காசை அதே ஸ்லாப்பில் வைத்தே பார்ப்பார்கள், கிரேடை இறக்க மாட்டார்கள். இன்னொரு கம்பெனியான என்ஜிசியின் ஸ்லாப்பில் உள்ள காசை பிசிஜிஎஸ்ஸுக்கு மாற்ற நினைத்தால் கிராஸ்ஓவர் இருக்கிறது. குறைந்தபட்ச கிரேடை எழுதிக் கொடுக்கலாம், அது கிடைக்காவிட்டால் பழைய ஸ்லாப்பிலேயே காசு திரும்பி வரும். கட்டணம் மட்டும் திரும்பாது.

கடைசி வழி, நாமே உடைத்து வெறும் காசாக அனுப்புவது. பழைய கிரேடு அவர்களுக்குத் தெரியாது, அதனால் ஏறவும் இடம் உண்டு, இறங்கவும் இடம் உண்டு. அதைவிட மோசம், இத்தனை நாள் எண்ணோடு இருந்த காசு 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எண்ணே இல்லாமல் டீடெயில்ஸ் (குறையுள்ள காசு) லேபிளோடு திரும்பலாம். மேற்பரப்பு துளி சந்தேகமாக இருந்தாலும் உடைக்க வேண்டாம் என்பேன்.

1980-களின் சின்ன ஸ்லாப்புகளும் பழைய பச்சை லேபிள் ஸ்லாப்புகளும் கையில் இருந்தால் இன்னொரு தடவை யோசியுங்கள். அந்தப் பிளாஸ்டிக்குக்கே கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேடு போட்ட காசை மறுபடி சரிபார்க்கும் சிஏசி கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தாலும் அப்படித்தான். பச்சை என்றால் காசு தன் கிரேடுக்கு உறுதியானது, தங்க நிறம் என்றால் கிரேடையும் தாண்டி நிற்கிறது என்று அர்த்தம். உடைத்தால் ஸ்டிக்கரும் போச்சு.

உடைத்தே தீருவேன் என்றால்: முதலில் லேபிளையும் காசின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஸ்லாப்பைத் தடித்த துண்டில் சுற்றி, காசிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் கட்டிங் பிளேயரால் நறுக்குங்கள். விளிம்பு பிளந்ததும் கையால் பிரிக்கலாம். சுத்தியல் வேண்டவே வேண்டாம். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, பிவிசி கலக்காத உறையில் போடுங்கள். எதையும் தடவாதீர்கள், துடைக்காதீர்கள்.

நறுக்கிய ஸ்லாப்பின் லேபிளைக் குப்பையில் போடாமல் அந்தக் கம்பெனிக்கே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் எந்த கிரேடில் எத்தனை காசு என்று கம்பெனி வெளியிடும் பாப் ரிப்போர்ட்டில் ஒரே காசு இரண்டாகவும் மூன்றாகவும் பதிவாகிவிடும். அபூர்வம் என்று நினைத்த கிரேடில் எண்ணிக்கை வீங்கினால், நாளைக்கு விற்கப்போகும் உங்கள் காசுக்கும் விலை குறையும்.