படத்தில் சிறுத்தையின் கண் மங்கியது ஏன்? என் அனுபவம்

மரக்கிளையில் படுத்திருந்த சிறுத்தையைப் படமெடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கினால் முன்னாலிருந்த இலையின் நரம்பு வரை துல்லியம், கண் மட்டும் மசமசப்பு.

கேமரா ஃபோகஸ் தேடும் பரப்பை அகலமாக வைத்திருந்ததுதான் காரணம். பரப்புக்குள் எது அருகில் இருக்கிறதோ, ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் அதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக் கண்ணின்மேல் வைத்தேன். ஃபோகஸ் செய்யும் வேலையையும் ஷட்டர் பொத்தானிலிருந்து கேமராவின் பின்பக்கப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். கண் பிடிபட்டதும் கட்டைவிரலை எடுத்துவிட்டால், ஷட்டரை அழுத்தும்போது ஃபோகஸ் மறுபடி இலைக்கு ஓடாது. சிறுத்தை நடக்கத் தொடங்கினால் மட்டும் விரலை எடுக்கக் கூடாது.

அதோடு நடுக்கமும் இருந்தது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏறிவிடுமே என்று 500 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகத்தை 1/125 நொடியாக வைத்தது தப்பு. அதே வெளிச்சத்தில் ஷட்டரை 1/640 ஆக்கினால் ஐஎஸ்ஓ 640இலிருந்து 3200க்குப் போகும். போகட்டுமே! ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் வரும் நாய்ஸை, அதாவது பொடிப்புள்ளிகளை, பிறகு குறைக்கலாம்; அசைந்த கண்ணை மீட்க முடியாது. ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் லென்ஸைத் தாங்கும் பீன் பேக் பை வைத்தும் பயனில்லை, அணைக்கச் சொல்லுங்கள்.

பின்னால் வெளிறிய வானம் என்றால் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) திருத்தம் +1, இருண்ட புதர் என்றால் −0.7.

அடுத்தவர் படத்தைப் பார்த்தாலும் கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். வால் நுனி மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், முகமும் தோளும் நிற்கும்படி துணிந்து இறுக்கமாக வெட்டிவிடுவதே மேல்.